தேள்களின் குடும்பங்கள்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். கோடை மழை பெய்து ஓய்ந்த இரவுகளில், புற ஊதா டார்ச்சோடு மாணவர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு தேள் பார்க்கப் போவது வழக்கம். போகும்போதெல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தால் எளிதாக இருக்கும்.

"தேள் பூச்சிதானே சார்? அதுல போய் என்ன குடும்பம்?"

பூச்சி இல்லை. பூச்சிக்கு ஆறு கால், தேளுக்கு எட்டு. சிலந்தி, உண்ணி ஆகியவற்றோடு அரக்னிடா என்ற வகுப்பில் தேள் வருகிறது. அந்த வகுப்புக்குள் தேள்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தனி வரிசை. வயிற்றுப்புறத்தில், கடைசிக் கால்களுக்குப் பின்னால், சீப்பு போன்ற இரண்டு உறுப்புகள் இருக்கும். தரையைத் தடவி மணமும் தன்மையும் அறிவதற்கானவை அவை. உலகில் வேறு எந்த உயிருக்கும் இந்தச் சீப்பு கிடையாது.

தேள்கள் பூமிக்கு வந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று சுமார் 2,800 சிற்றினங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்தால் ஒரு பேரினம், நெருங்கிய பேரினங்கள் சேர்ந்தால் ஒரு குடும்பம். ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்து வந்தவற்றை ஒரே கூரையின் கீழ் வைப்பதுதான் குடும்பம் என்பதன் நோக்கம்.

"மொத்தம் எத்தனை குடும்பம்? ஒரு இடத்துல 14னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 18, அப்புறம் 20க்கு மேலன்னும் இருக்கு."

மூன்றுமே வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள் சொன்ன கணக்கு. இப்போதைய பட்டியல்கள் பெரும்பாலும் 20ஐத் தாண்டுகின்றன. ஏன் இந்த வித்தியாசம் என்பதைப் பின்னால், ஆராய்ச்சியாளர்களின் சண்டை பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்தக் குடும்பங்கள் ஒரே அளவானவை அல்ல. பூத்திடே என்ற ஒரே குடும்பத்தில் 1,200க்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் அது பரவியிருக்கிறது. இன்னொரு முனையில் அக்ராவிடே என்ற குடும்பம். இஸ்ரேலில் அய்யாலோன் குகையில் 2006இல் கண்டெடுத்த, கண்ணில்லாத ஒரே ஒரு சிற்றினத்துக்காக 2007இல் அதை உருவாக்கினார்கள். அதிலும் கிடைத்தவை எல்லாம் செத்துக் காய்ந்த உடல்கள்தான். உயிரோடு ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை.

"நம்ம பக்கம் என்னென்ன குடும்பம் இருக்கு?"

தமிழ்நாட்டில் நீங்கள் பார்க்கக்கூடியவை முக்கியமாக மூன்று. முதலாவது பூத்திடே: செந்தேளும், வீட்டுச் சுவரிலும் விறகு அடுக்கிலும் காணும் மெலிந்த பழுப்புத் தேள்களும் இதில் அடக்கம். இரண்டாவது ஸ்கார்பியோனிடே: மண்ணில் வளை தோண்டி வாழும், பருத்த இடுக்கிகள் கொண்ட பெரிய கருந்தேள்கள். மூன்றாவது ஹார்முரிடே. இதைப் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். தகடுபோல் தட்டையான உடல், பாறை வெடிப்புக்குள்ளும் மரப்பட்டைக்கு அடியிலும் ஒட்டிக் கிடக்கும். இதில் அயோமக்கஸ் என்ற பேரினம் தென்னிந்தியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெருங்கடல். ஒரு பாறை இடுக்கில் அயோமக்கஸைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கடல்தான் நினைவுக்கு வரும்.

இலங்கையில் இந்த மூன்றோடு கெய்ரிலிடே என்ற நான்காவது குடும்பமும் உண்டு. அதன் உறவுகள் இமயமலையிலும் இந்தியாவின் வடகிழக்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்கின்றன. இமயமலைப் பக்கம் போனால் ஸ்கார்பியோப்பிடேயையும் பார்க்கலாம்.

"நட்டுவாக்காலியும் தேளும் வேற வேற ஜாதியா?"

ஊர்ப்பேச்சில் வேறு வேறு, விலங்கியலில் இரண்டும் தேள்தான். நட்டுவாக்காலி என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஸ்கார்பியோனிடே குடும்பத்துப் பெரிய கருந்தேளை. உலகின் மிகப் பெரிய தேள்களில் ஒன்று நம் நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறது. கொடுக்கு வரை நீட்டி அளந்தால் 20 செ.மீட்டரைத் தாண்டும்.

நம் முன்னோர் இதற்குத் தனிப் பெயர் வைத்ததில் ஒரு நுணுக்கம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். செந்தேளையும் நட்டுவாக்காலியையும் பிரித்துச் சொன்ன அந்தக் கண், அறியாமலே இரண்டு குடும்பங்களைப் பிரித்துவிட்டது. ஆனால் சில ஊர்களில் சவுக்குத்தேளையும் இதே பெயரால் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தேளே இல்லை. அதற்குத் தனியாகப் பதில் வருகிறது.

"கருப்பா, பெருசா இருந்தாத்தான விஷம் அதிகம்?"

இல்லை. ஆளைப் பயமுறுத்தும் நட்டுவாக்காலி கொட்டினால் நல்ல வலி, வீக்கம். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அதன் பலம் இடுக்கியில் இருக்கிறது. இரையை நசுக்கியே கொல்லும், விஷத்தை அவ்வளவாக நம்புவதில்லை. 5 முதல் 9 செ.மீ. வரை மட்டுமே வளரும் செந்தேள்தான் இந்தியாவில் உயிரைப் பறிக்கும் தேள். நிறத்தையும் நம்பாதீர்கள். ஒரே சிற்றினச் செந்தேள் ஓரிடத்தில் மஞ்சளாகவும் இன்னோரிடத்தில் கருஞ்சிவப்பாகவும் இருக்கும்.

பொதுவாகச் சொல்லப்படும் விதி: இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் ஆபத்து, இடுக்கி பருத்து வால் மெலிந்திருந்தால் ஆபத்து குறைவு. முதல் பார்வைக்கு இது உதவும். ஆனால் ஈரானின் கூசெஸ்தான் மாகாணத்தில் இந்த விதி செல்லாது. அங்கே ஹெமிஸ்கார்பியஸ் லெப்டூரஸ் என்ற தேளின் வால் மெலிந்து நீண்டிருக்கும். கொட்டும்போது வலிகூடப் பெரிதாகத் தெரியாது. பிறகு தசை அழுகும், ரத்த அணுக்கள் சிதையும், சிறுநீரகம் கெடும். அது பூத்திடே அல்ல, ஹெமிஸ்கார்பியிடே என்ற வேறொரு குடும்பம்.

"அப்படின்னா பூத்திடேன்னாலே ஆளைக் கொல்லுமா?"

இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. உயிருக்கு ஆபத்தான தேள்கள் ஏறக்குறைய எல்லாமே பூத்திடேயில் இருக்கின்றன. மேலே சொன்ன ஈரானியத் தேள் பெரிய விதிவிலக்கு. ஆனால் பூத்திடேயில் இருப்பவை எல்லாம் ஆபத்தானவை அல்ல. 1,200க்கு மேற்பட்டவற்றில் மனிதரைக் கொல்லக்கூடியவை சில டஜன்தான்: வட ஆப்பிரிக்காவின் ஆண்ட்ரோக்டோனஸ், மேற்கு ஆசியாவின் லெயூரஸ், மெக்சிகோவின் சென்ட்ரூராய்டஸ், பிரேசிலின் டிட்டியஸ், நம் செந்தேள் என்று அந்தப் பேரினங்களை எண்ணிவிடலாம். வீட்டுச் சுவரில் ஓடும் ஐசோமெட்ரஸ் மாக்குலேட்டஸும் பூத்திடேதான். கப்பல் சரக்கோடு பயணம் செய்து உலகின் வெப்பநாடுகள் முழுக்கப் பரவியது அது. கொட்டினால் வலிக்கும், அவ்வளவுதான்.

"நிறமும் இல்ல, அளவும் இல்லன்னா, அப்புறம் எதை வெச்சுத்தான் குடும்பம் பிரிக்கிறாங்க?"

தேளைத் திருப்பிப் போட்டு நெஞ்சைப் பார்ப்பது முதல் வேலை. (செத்த தேளாக, அல்லது கண்ணாடிப் புட்டியில் இருக்கும் தேளாக இருக்கட்டும்.) கால்கள் சேருமிடத்தில் நடுவே சிறு மார்புத்தகடு ஒன்று இருக்கும். பூத்திடேயில் அது பெரும்பாலும் முக்கோணம், ஸ்கார்பியோனிடேயிலும் ஹார்முரிடேயிலும் ஐங்கோணம். ஒரு கைலென்ஸ் போதும். மாணவர்கள் முதல் முறை இந்த முக்கோணத்தைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் இந்த நடைகளை நடத்துகிறேன்.

அடுத்தது உணர்மயிர்கள். இடுக்கிக் கையில் சின்னக் கிண்ணம் போன்ற குழிகளிலிருந்து மெல்லிய நீண்ட மயிர்கள் எழும். காற்று லேசாக அசைந்தாலும் அவை ஆடும். தேள் இருட்டில் கரப்பானின் இடத்தை அறிவது இவற்றாலும்தான். மற்ற மயிர்கள் எண்ணிக்கையில் ஏறி இறங்கும், இந்தக் குழிமயிர்களோ இருக்குமிடமும் எண்ணிக்கையும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை. பிரெஞ்சு ஆய்வாளர் மாக்ஸ் வஷோன் 1970களில் இதை முறைப்படுத்தினார். பூத்திடேயில் கையின் தொடைக்கணுவில் 11, அடுத்த கணுவில் 13, இடுக்கியில் 15, ஆக 39. கெய்ரிலிடேயில் 9, 14, 14 என 37. மற்ற பெரும்பாலான குடும்பங்களில் 3, 19, 26 என 48. சில கிளைகளில் கூடுதல் மயிர்கள் முளைப்பதும் உண்டு. ஆனாலும் அடிப்படை வரைபடத்தை உள்ளே படிக்க முடியும். 1998இல் மத்திய ஆசியாவில் விவரிக்கப்பட்ட சூடோகாக்டஸ் என்ற சிறு தேள் இந்த மூன்று வரைபடங்களிலும் அடங்கவில்லை. அதற்கு நான்காவது வரைபடம் தேவைப்பட்டது.

இவை தவிர, கொடுக்கு ஊசிக்குக் கீழே சிறு முண்டு இருக்கிறதா, இடுக்கி விரலின் பற்கள் எத்தனை வரிசை, பக்கவாட்டில் எத்தனை கண், ஆணின் இனப்பெருக்க உறுப்பு என்ன வடிவம் என்று பட்டியல் நீளும். இவற்றில் பல, குடும்பத்தைவிடப் பேரினத்தையும் சிற்றினத்தையும் பிரிக்கவே அதிகம் உதவுகின்றன.

"டார்ச் அடிச்சா பச்சையா மின்னுதே, அது எந்தக் குடும்பம்?"

எல்லாக் குடும்பமும் மின்னும். புற ஊதாக் கதிர் பட்டால் தேளின் மேல்தோலில் உள்ள சேர்மங்கள் பச்சை நீல ஒளியைத் திருப்பித் தருகின்றன. உரித்துப்போட்ட சட்டையும் மின்னும், பல ஆண்டுகளாகச் சாராயப் புட்டியில் கிடக்கும் தேளும் மின்னும். புதிதாகச் சட்டை உரித்த தேள் மட்டும், தோல் இறுகும் வரை மின்னாது. தேளைக் கண்டுபிடிக்க இது அருமையான வழி, குடும்பத்தைக் கண்டுபிடிக்க உதவாது.

"தேள் குட்டி போடுமாமே, குட்டிங்க தாயைத் தின்னுடும்னு பாட்டி சொல்லும். எல்லாக் குடும்பத்துலயும் அப்படியா?"

எல்லாத் தேளும் குட்டி ஈனும். குட்டிகள் தாயின் முதுகில் ஏறி, முதல் சட்டையை உரிக்கும் வரை அங்கேயே இருக்கும். தாயைத் தின்பதில்லை. அந்த நாட்களில் அவை எதையுமே தின்பதில்லை, உடலில் மிச்சமிருக்கும் சத்தில் வாழ்கின்றன. முதுகில் மொய்க்கும் வெளுத்த குட்டிகளையும் கீழே அசையாமல் கிடக்கும் தாயையும் பார்த்த யாருக்கும் அந்த எண்ணம் வருவது இயல்புதான்.

வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும் வயிற்றுக்குள் குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம் உண்டு. பூத்திடேயில் கரு, மஞ்சள்கரு உள்ள முட்டையாகத் தொடங்கித் தாயின் உடலுக்குள்ளேயே வளர்கிறது. ஸ்கார்பியோனிடே, ஹார்முரிடே, ஹெமிஸ்கார்பியிடே மூன்றிலும் மஞ்சள்கரு ஏறக்குறைய இல்லை. ஒவ்வொரு கருவும் சூலகத்திலிருந்து கிளைத்த தனிப்பையில் இருந்து, தாயின் செரிமானச் சுரப்பியை ஒட்டிய ஒரு குழாய் வழியாக உணவு பெறுகிறது. நட்டுவாக்காலி பல மாதங்கள் சினையாக இருப்பதற்கு இந்த வளர்ப்பு முறையும் காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மால்கம் லாரி இந்த வேறுபாட்டை வைத்துத் தேள்களைப் பிரித்துக் காட்டினார். பிறகு வந்த பல பாகுபாடுகள் கலைந்தன, இது மட்டும் இன்றும் பெருமளவு நிற்கிறது.

"சவுக்குத்தேள், பொய்த்தேள், நீர்த்தேள் எல்லாம் தேள் குடும்பம்தானே?"

பெயர் மட்டுமே தேள். சவுக்குத்தேளும் பொய்த்தேளும் அரக்னிடா வகுப்பில் வேறு வரிசைகள். சவுக்குத்தேளுக்கு வாலில் கொடுக்கு கிடையாது, சாட்டைபோல் ஓர் இழைதான். மிரட்டினால் காடி வாடை வரும் நீரைப் பீச்சும். பொய்த்தேள் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், பழைய புத்தக அடுக்கில் பார்க்கலாம். நீர்த்தேள் ஆறு காலுள்ள பூச்சி. இவற்றில் எதற்கும் அந்தச் சீப்பு கிடையாது.

"நான் காலேஜ்ல பாலம்னியஸ்னு படிச்சேன். என் பையன் ஹெட்டிரோமெட்ரஸ்ங்கிறான். நெட்ல ஜைகாண்டோமெட்ரஸ்னு இருக்கு. எது சரி?"

மூன்று பெயர்களும் ஒரே நட்டுவாக்காலிக்கு வெவ்வேறு காலத்தில் வழங்கியவை. பாலம்னியஸ் என்பது நம் பாடநூல்களில் நெடுநாள் தங்கிவிட்ட பழைய பெயர். அது ஹெட்டிரோமெட்ரஸுக்குள் அடங்கும் என்று முடிவானபின் பெயர் மாறியது. 2020இல் லொரென்சோ பிரெண்டினியும் ஸ்டெபனி லோரியாவும் ஆசியக் கருந்தேள்கள் முழுவதையும் மறு ஆய்வு செய்து, ஹெட்டிரோமெட்ரஸைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். அப்போதுதான் அந்தப் பெரிய தேள் ஜைகாண்டோமெட்ரஸ் ஸ்வாமர்டாமி ஆனது. வேறு சில, செர்சோனேசோமெட்ரஸ், டெக்கானோமெட்ரஸ், ஸ்ரீலங்காமெட்ரஸ் என்று பிரிந்தன.

கவனியுங்கள்: ஸ்வாமர்டாமி என்ற சிற்றினப் பெயர் 1872இல் சிமோன் வைத்தது. அது அப்படியே இருக்கிறது. குடும்பமும் அதே ஸ்கார்பியோனிடே. மாறியது நடுவில் இருக்கும் பேரினம் மட்டுமே. எனவே பழைய புத்தகத்தில் தேடும்போது சிற்றினப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"செந்தேளோட பேர்ல தமிழ் இருக்காமே, நிஜமா?"

நிஜம். டென்மார்க்கைச் சேர்ந்த பப்ரிசியஸ் 1798இல் இதற்கு ஸ்கார்பியோ தமுலுஸ் என்று பெயரிட்டார். லத்தீனில் தமுலுஸ் என்றால் தமிழ் சார்ந்தது. அன்றைய டேனியக் குடியேற்றமான தரங்கம்பாடியிலிருந்து பூச்சிகளும் பிறவும் அவரிடம் போய்ச் சேர்ந்த காலம் அது. பிறகு இந்தத் தேள் பூத்தோடஸ், மெசோபூத்தஸ் என்று பேரினம் பேரினமாக நகர்ந்தது. 2007இல் செக் ஆய்வாளர் கோவர்ஷிக் ஹொட்டன்டோட்டா பேரினத்தில் கொண்டுபோய் வைத்தார். மருத்துவக் கட்டுரைகளில் இன்னமும் மெசோபூத்தஸ் தமுலுஸ் என்று பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான். இந்தியாவும் பாகிஸ்தானும் அதன் வீடு. அண்மைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வேரூன்றி, அங்கே ஆட்களை மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

"ஆராய்ச்சியாளர்களே இப்படி அடிச்சுக்கிட்டா நாங்க யாரை நம்புறது?"

சண்டை நடந்தது உண்மைதான். 2003இல் மைக்கேல் சோலிகிளாடும் விக்டர் பெட்டும் பல குடும்பங்களை ஒன்றிணைத்து 14 ஆக்கினார்கள். 2005இல் பிரெண்டினியும் வார்ட் வீலரும், அந்த ஆய்வு முறையே தவறு என்று கடுமையாக எழுதி, கலைத்த குடும்பங்களை மீட்டு 18 ஆக்கினார்கள். அப்புறம் மரபணு வந்தது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டு, தேள்களில் இரண்டு பெருங்கிளைகளைக் காட்டியது. பூத்திடே, கெய்ரிலிடே, சூடோகாக்டிடே மூன்றும் ஒரு கிளை, மற்றவை எல்லாம் இன்னொரு கிளை. வெளித்தோற்றத்தை வைத்து இரு அணிகளும் கட்டியிருந்த பல கூட்டங்கள் அதில் கலைந்தன.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் கிடைத்த ஒரு தேளுக்காக 2005இல் ருகோடென்டிடே என்ற புதுக் குடும்பத்தை நம் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மற்றவர்கள் அதை ஏற்காமல் நீக்கினார்கள். முன்னே சொன்ன 2020 ஆய்வு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. யாரை நம்புவது என்றால், கடைசியாக வந்தவரை என்று சொல்ல மாட்டேன். எத்தனை மாதிரிகளைப் பார்த்தார், எந்த அடையாளங்களை ஒப்பிட்டார் என்று வெளிப்படையாகக் காட்டியவரை நம்புங்கள்.

"பிரிக்கிறது சேர்க்கிறது சரி, இஸ்நூரிடேங்கிற குடும்பத்தோட பேரே காணாமப் போச்சே?"

நல்ல கேள்வி. அது ஆராய்ச்சி முடிவால் மாறவில்லை, பெயர் மோதலால் மாறியது. நம் தட்டைத் தேள்களின் குடும்பத்துக்கு முன்பு இஸ்நூரிடே என்று பெயர். ஊசித்தட்டான்களில் இஸ்நூரா என்ற பேரினம் இருக்கிறது, அதிலிருந்து வந்த பிரிவுப் பெயரும் அதே மாதிரி. விலங்குப் பெயரிடும் சட்டப்படி இரண்டு விலங்குக் கூட்டத்துக்கு ஒரே பெயர் கூடாது. அதனால் 2000க்குப் பிறகு தேள்களுக்கு லியோகெலிடே என்ற பெயர் வந்தது. பின்னர் அதைவிடப் பழைய பெயர் ஒன்று இருப்பது முன்னுரிமை பெற்று, ஹார்முரிடே ஆனது. மூன்று பெயரும் ஒரே குடும்பம்.

"கொட்டுனது எந்தக் குடும்பம்னு தெரிஞ்சா டாக்டருக்கு உதவுமா?"

உதவும், ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். குழந்தைக்குக் கொட்டி, உடல் வியர்த்து, கைகால் சில்லிட்டு, வாந்தி வந்தால் அது செந்தேளின் அறிகுறி. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம்.

மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் விஷம் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும் விதத்தை நோயாளிகளின் அருகிலிருந்தே கவனித்து, பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதன்பின் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. செந்தேளுக்கென்று தனி விஷமுறிவு மருந்தும் இந்தியாவில் தயாராகிறது. மெக்சிகோத் தேளுக்குத் தயாரித்த மருந்தை இதற்கு மாற்றாக நம்ப முடியாது, இரண்டும் பூத்திடேயாக இருந்தாலும். இங்கே குடும்பம் போதாது, சிற்றினம் வரை தெரிய வேண்டும்.

"போட்டோ அனுப்புனா குடும்பம் சொல்லிடுவீங்களா?"

மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்து நம் ஊர் மூன்று குடும்பங்களில் எது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சிற்றினம் சொல்ல முடியாது. கண்ணாடிப் புட்டிக்குள் இருந்தால் அடியிலிருந்து மார்புத்தகடும் சீப்பும் தெரிய ஒன்று, பக்கவாட்டில் கொடுக்கு முனை தெரிய ஒன்று, இடுக்கி நெருக்கத்தில் ஒன்று எடுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். ஊர், நிலம் எப்படிப்பட்டது, வளையிலா பாறை இடுக்கிலா சுவரிலா என்பதையும் எழுதுங்கள். பிறகு, பிடித்த இடத்திலேயே அதை விட்டுவிடுங்கள்.